உன் முகத்தில் கோடு விழாமல்

சோற்றில் கை வைத்ததுமே அந்த வாடை குப்பென்று வந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். பேனர் அடிக்கிற மெஷினின் ஹெட்டைக் கழுவுகிற சொல்யூஷன் நகக்கண்ணில் புகுந்துவிட்டால் லேசில் போவதில்லை. ரசம் சாதம்கூட பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி மணக்கிறது. நீ இருந்தவரை இந்த வாடை உன் கைக்குத்தான் சொந்தம். மெஷின் உனக்கு, கம்ப்யூட்டர் எனக்கு என்று வேலையைப் பாகம் பிரித்திருந்தோம். அதனால் நீ ஸ்பூனில் சாப்பிடுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாடி, கலெக்டர் ஊட்டுப் பொண்ணாட்டம் ஸ்பூன்ல துன்ற?" என்று வாரிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு என் கையை என்னாலேயே வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பாதியில் டப்பாவை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளையோடு உனக்கு ஒரு வருஷம். சிங்கவரத்தில் உங்கள் தெருமுனையில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனர் கட்டவேண்டும். அதை இன்று மாலைக்குள் நம் மெஷினில் ஓட்டப்போகிறேன். எதிர்க்கடை அண்ணன் நேற்றே வந்து, "நான் ஓட்டித் தரேம்மா, நீ டென்ஷன் ஆவாத" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் முகம் நம் மெஷினில்தான் வரவேண்டும். உன் நிறத்தில் வரவேண்டும். ஒரு கோடு விழக்கூடாது. போன வருஷம் நான் செய்த கூத்து இந்த வருஷமும் நடந்தால், இந்தத் தொழிலைச் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. உன் அம்மா நாலு மணி பஸ்ஸில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் உன் முகத்தை மெஷினில் ஏற்ற மனசு வரவில்லை.

இந்த மெஷினை லாரியிலிருந்து இறக்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். திருவண்ணாமலை ரோட்டில் பாதிப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ரெண்டு பொம்பளைங்க ஃபிளெக்ஸ் கடை போட்டு இன்னா கிழிக்கப் போறாங்க" என்று ஒருத்தர் நம் காதுபடவே சொன்னார். சென்னையிலிருந்து வந்த சர்வீஸ்காரர் ஒரே ஒரு நாள் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் அன்று முழுக்க நம் கடைக்குப் பேர்ப்பலகை டிசைன் செய்துகொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்காத நீ, அன்று அந்த மனுஷரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தாய்.

நாலு கலருக்கு நாலு ஹெட். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். அடியில் நாசில் என்கிற, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் இங்க் பொடிப்பொடித் துளியாகப் பாய்ந்து, ஃபிளெக்ஸில் முகமாகவும் எழுத்தாகவும் விழுகிறது. ஒரு துளை அடைத்தாலும் ஹெட் போகிற வழியெல்லாம் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அதிகம் அடைத்துவிட்டால் முகம் முழுக்கக் கோடு. "ஒரு நாள் காய்ஞ்சா நாசில் அடைக்கும் மேடம். ஒரு வாரம் காய்ஞ்சா ஹெட்டே போயிடும்" என்று சர்வீஸ்காரர் சொன்னார். நீ அதை நோட்டில் எழுதவில்லை. அன்றிலிருந்து அதன்படி நடந்தாய்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சாமி படத்துக்குப் பூ வைப்பதற்கு முன்னால் உனக்கு டெஸ்ட் பிரிண்ட். ஒவ்வொரு துளைக்கும் ஒரு சின்னக் கீற்று, படிக்கட்டு மாதிரி இறங்கி வரும். கீற்று விட்டுப்போன இடம் அடைத்த இடம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பாய். நான் வாடிக்கையாளரிடம் "இதோ அஞ்சு நிமிஷம்ணே" என்று பல்லிளித்துக்கொண்டிருப்பேன். ஊதுவத்தியை நீ கடைக்குள்ளேயே விடவில்லை. சாம்பல் பறந்தால் ஹெட்டுக்கு ஆகாதாம். சாமிக்கே இடம் மாற்றி வாசல் பக்கம் வைத்தாய். சாயங்காலம் வேலை முடிந்ததும் நூல் பிரியாத துணியைச் சொல்யூஷனில் நனைத்து, ஒரே பக்கமாக, ஒரே இழுப்பாக, குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரி ஹெட்டின் அடியைத் துடைப்பாய். அப்புறம் ஈரப் பஞ்சின்மேல் அதை இறக்கி வைப்பாய். இதற்கு நீ வைத்த பேர், தண்ணி காட்டுவது. மாட்டுக்குச் சொல்வதையே மெஷினுக்கும் சொன்னாய்.

அறுவடை முடிந்து மார்க்கெட் கமிட்டிக்கு நெல் லாரிகள் வரிசை கட்டுகிற மாசங்களில் உன் அட்டகாசம் தாங்காது. ரோடு முழுக்கச் சுணையும் தூசியுமாகப் பறக்கும். வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவாய். வருகிறவன் எல்லாம் குனிந்துதான் உள்ளே நுழையவேண்டும். வெள்ளை வேட்டி கட்டிய கட்சிக்காரர் ஒருவர் தலையை இடித்துக்கொண்டு, "இது இன்னா கடையா, குகையா?" என்று கத்தினார். நீ மெஷினை விட்டுத் திரும்பாமலே, "குனிஞ்சு வாங்கண்ணே, ஹெட்டுக்குத் தூசி ஆவாது" என்றாய். அந்த ஆள் போனபிறகு நாம் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது.

ஆர்டர் இல்லாத நாளிலும் நாலு கலரையும் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டுவாய். மேல்மலையனூர் அமாவாசைக்கு ஊரே காலியாகிப் போயிருக்கும். நீ மட்டும் கடையைத் திறந்து அந்த ஒரு சாணை ஓட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாய். இங்க் தண்டமாகப் போகிறது என்று நான் கத்தாத நாள் இல்லை. "ஓட்டலன்னா செத்துடும்டி. ஓட்டினா இருக்கும். அவ்ளோதான்" என்பாய். உன் வாயிலிருந்து வந்த பெரிய பிரசங்கம் அதுதான்.

நிறத்துக்காக நாம் போட்ட சண்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம்மிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர், "கொஞ்சம் கலரா போடுங்க" என்பார்கள். நான் மவுஸை ரெண்டு இழுப்பு இழுத்து, கறுத்த முகத்தையெல்லாம் வெளுத்துக் கொடுப்பேன். உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வெளுத்த மூஞ்சிய எந்த ஓட்டை மெஷினும் அடிக்கும். கருப்பு மூஞ்சி போட்டாதான் நாலு ஹெட்டும் ஒழுங்கா ஓடுதான்னு தெரியும்" என்பாய். அது உண்மைதான். உன்னுடையது போன்ற நிறத்துக்கு நாலு கலரும் சேர்ந்து விழவேண்டும். ஒன்றில் ஒரு துளை ஏமாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். "என் கல்யாணப் பேனர்ல என்னை வெளுத்துப் பாரு, தாலி கட்டுறதுக்கு முன்னாடி எழுந்து வந்து அறைவேன்" என்றாய் ஒரு நாள். நானும், "மொதல்ல மாப்பிள்ளையப் புடிடி" என்றேன்.

மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் காய்ச்சல் வந்தது. மழை விட்டும் விடாத வாரம். ரெண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு மெஷினிடமே நின்றாய். மூன்றாம் நாள் மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாய். ஆட்டோ கூப்பிட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸ் வைத்துப் புதுச்சேரிக்கு ஓடினோம். போகிற அவசரத்தில் நான் மெயின் சுவிட்சை அணைத்தேன், ஷட்டரை இழுத்தேன். ஹெட்டைப் பஞ்சின்மேல் வைக்கவில்லை. துடைக்கவும் இல்லை. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் காலையில் நீ கொஞ்சம் தெளிந்திருந்தாய். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா டீ வாங்கப் போயிருந்தார். உதடு வெடித்திருந்தது. அந்த உதட்டோடு நீ கேட்ட முதல் கேள்வி, "ஹெட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

நான், "எங்க ஊட்டுக்காரரு தினம் போயி பாத்துக்கிறாரு. டெஸ்ட் போட்டாரு, ஒண்ணும் விடல" என்றேன்.

நீ சிரித்தாய். "அந்த ஆளுக்கு எந்தப் பக்கம் தொடைக்கணும்னு தெரியுமா?"

"எல்லாம் சொல்லி அனுப்பிச்சிருக்கேன். நீ படு."

பொய்டி. அத்தனையும் பொய். அவர் கடைப் பக்கமே போகவில்லை. சாவி என் பையில்தான் இருந்தது. உன்னை நிம்மதியாகத் தூங்க வைக்கத்தான் சொன்னேன் என்று இத்தனை மாசம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பாதிதான். "ஐயோ மறந்துட்டேன்" என்று சொன்னால் நீ என்னைப் பார்க்கிற பார்வைக்குப் பயந்துதான் மீதிப் பொய். அப்போதே ஒரு போன் போட்டிருந்தால், எதிர்க்கடை அண்ணன் பூட்டை உடைத்தாவது போய் நனைத்து வைத்திருப்பார். போடவில்லை. நீ கண்ணை மூடித் தூங்கினாய். ரெண்டு நாள் கழித்து உன்னை ஊருக்குக் கொண்டுவந்தோம்.

அன்றைக்கு இந்த ரோட்டில் இருக்கிற ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் எல்லோரும் உனக்காக ஷட்டரை இறக்கிவிட்டார்கள். தொழில்காரர் யாராவது போனால் நாம் எல்லோரும் செய்கிற மரியாதை அது. முதலாளிகள் எல்லோரும் மாலையோடு சிங்கவரத்துக்கு வந்துவிட்டார்கள். உன் தம்பி என்னிடம் வந்து, "அக்காவுக்குப் பேனரு நம்ம கடையிலயே போட்டுடலாம்க்கா" என்றான். நானும் சரி என்று ஓடி வந்தேன். ஆறு நாள் கழித்து அப்போதுதான் கடையைத் திறக்கிறேன். டெஸ்ட் போட்டேன். மற்ற மூன்றும் அரைகுறையாகவாவது வந்தன. மெஜந்தாவில், அந்த ரோஜாச் சிவப்பு ஹெட்டில், படிக்கட்டே இல்லை. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று உதிர்ந்து கிடந்தது. சிரிஞ்சில் சொல்யூஷனை உறிஞ்சி வேகமாக அழுத்தினேன். நீ இருந்திருந்தால் கையிலேயே ஒன்று போட்டிருப்பாய். அடைப்பு இன்னும் மோசமானது.

பிணத்தை எடுக்க நேரம் ஆகிறது என்று போன்மேல் போன். ஓட்டினேன். உன் நெற்றியிலிருந்து தாடை வரை வெள்ளைக் கோடுகள் விழுந்தன. மெஜந்தா இல்லாமல் முகம் பச்சையடித்துப் போயிருந்தது. அப்போது நான் செய்த காரியத்தை யாருக்கும் சொன்னதில்லை. கோடு தெரியாமல் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் போய் உன் முகத்தை வெளுத்தேன். உன்னை. வெளுத்து ஒரு தடவை ஓட்டி, போதாதென்று இன்னும் வெளுத்து ஓட்டி, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கட்டினேன்.

அம்மா பந்தலை விட்டு எழுந்து வந்து பேனருக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். "யாரு கண்ணு இது? எம் பொண்ணு கலரு இல்லியே. மூஞ்சில இன்னா இது, யாரோ பிளேடால கிழிச்சாப்ல?" என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். உன்னை எடுத்துக்கொண்டு போகும்போது நான் பேனர் பக்கம் திரும்பவே இல்லை.

சர்வீஸ்காரர் வந்து மெஜந்தா ஹெட்டைப் பார்த்துவிட்டு, "இது அவ்ளோதான் மேடம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க" என்றார். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். மாட்டியிருக்கலாம். ஆனால் புதுசு மாட்டிவிட்டால் நான் செய்தது ஒரே நாளில் துடைபட்டுப் போய்விடும். அந்த வசதி எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. "அடைச்சது நான், எடுக்கிறதும் நானே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் மனசு இறங்கி, எப்படிச் செய்யவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அழுத்தக்கூடாது. சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, ஊறவிட்டு, தானாக இளகி வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கும் காத்திருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும்.

ஹெட்டைக் கழற்றி, தட்டில் ஈரத் துணி விரித்து, அதன்மேல் வைத்தேன். காலையில் நாலு சொட்டு, மத்தியானம் நாலு சொட்டு. மறுநாள் மாட்டி ஒரு டெஸ்ட். திரும்பக் கழற்றி ஊறல். முதல் மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள், "சனியனே, வந்து தொலையேன்" என்று மெஷினைத் திட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். உனக்காக நான் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். சாவு வீட்டில்கூட அழவில்லை. ஆறாம் நாள் ரெண்டு கீற்று புதிதாக வந்தது. ஏழாம் நாள் அதில் ஒன்று காணாமல் போனது. எட்டாம் நாள் ஒன்பது வந்தன. பதினோராம் நாள் படிக்கட்டு கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியாக அடம்பிடித்த நாலைந்து துளைகள் திறக்க இன்னும் ஒரு மாசம் ஆனது. சர்வீஸ்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "மேடம், நீங்க சரியான புடிவாதக்காரி" என்று பதில் போட்டார்.

தை மாசம் என் மாமனார் காலமானார். மறுநாள் காலையில் உறவெல்லாம் கூடியிருந்தபோது நான் செருப்பை மாட்டினேன். "பொணம் ஊட்ல கெடக்குது, இவ எங்க கெளம்பிட்டா?" என்று நாத்தனார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். "கடைக்கு. அரை மணி நேரம்" என்றேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வந்து டெஸ்ட் போட்டேன், துடைத்தேன், மாமனாரின் பேனரை ஓட்டினேன், ஹெட்டை நனைத்து வைத்தேன். திரும்பிப் போனதும் குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன். பதினாறு நாளும் அப்படித்தான். திட்டுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. நிறுத்துவதாக எனக்கு உத்தேசம் இல்லை. மூன்றாம் நாள் மாமியார் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஓடுச்சாம்மா?" என்று கேட்டார். "ஓடுச்சு அத்த" என்றேன்.

சொல்லிவிட்டேன். மணி மூன்றேகால் ஆகிறது. மெஷினைப் போடுகிறேன்.

இப்போது ஆறரை. மெஷினிடம் நின்றபடியே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

டெஸ்ட் போட்டேன். நாலு கலரிலும் ஒன்றுகூட விடவில்லை. உன் படத்தில் நான் எதையும் தொடவில்லை. வெளுக்கவில்லை, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தைக்கூட எடுக்கவில்லை. வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்டினேன். முதலில் உன் முடி வந்தது. அப்புறம் நெற்றி. ஹெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர, விரல் அகலம் விரல் அகலமாக நீ இறங்கி வந்தாய். கண் வந்தபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றதும் திரும்பிப் பார்த்தேன். நீதான். உன் நிறம்தான். கிட்டே போய், குனிந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை.

வெட்டி மேஜைமேல் விரித்துப் போட்டேன். இங்க் இன்னும் காயவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். பஸ் லேட்டாம். மேஜையிடம் போய் நின்றார். போன வருஷம் நின்ற மாதிரியே ரொம்ப நேரம் நின்றார்.

"எம் பொண்ணு" என்றார். "எம் பொண்ணேதான்."

கையை நீட்டினார். காயாத பிரிண்டில் கை வைக்க நம் கடையில் யாரையும் விட்டதில்லை. மந்திரியே வந்தாலும் நீ விடமாட்டாய். "தொடாதீங்கம்மா" என்கிற வார்த்தை என் நாக்குவரை வந்தது. வந்த இடத்திலேயே அதை நிறுத்திவிட்டேன். அம்மா உன் நெற்றியிலிருந்து கன்னம் வழியாகத் தாடை வரைக்கும் உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். உன் கன்னம் அப்படியே அவர் கையோடு இழுபட்டு வந்தது.

கையைத் திருப்பிப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. "ஐயையோ, கெடுத்துட்டேனே கண்ணு. ஒரு வருசமா இதுக்குத்தானே நீ..." என்று பதறினார்.

"ஒண்ணும் கெடல, விடுங்கம்மா. ஹெட் நல்லா இருக்குது. இன்னொண்ணு வரும். நாளைக்கும் வரும்" என்றேன். என் குரல் எனக்கே உன் குரல் மாதிரி அதட்டலாகக் கேட்டது.

கையைத் துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டார். "வேணாம். இருக்கட்டும்" என்றார். அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, நான் ரோலை இழுத்துச் சரிசெய்து, உன்னை மறுபடியும் முடியிலிருந்து ஓட்டத் தொடங்கினேன்.